நிமிர்ந்து வர ஒரு வாசல்

"ஆசாரியாரே, வாசப்படிய எடுக்கோணுங்க. வர முடியுங்களா?" என்று குப்புசாமி போனில் கேட்டபோது, நான் பட்டறையில் ஒரு கட்டில் காலை இழைத்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. மலையடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில் முப்பது வருஷமாகத் தச்சு வேலை செய்கிறேன். வாசற்படி வைக்கக் கூப்பிட்டவர்களுக்குக் கணக்கில்லை. எடுக்கச் சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை. பழைய வீட்டை இடிக்கிறவர்கள்கூட வாசற்படிக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் கடப்பாரையைத் தொடுவார்கள். அதிலும் குப்புசாமி எடுக்கச் சொன்னது ஏழு மாதத்துக்கு முன்னால் நானே வைத்த படி. "எதுக்குங்க?" என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். "நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வாரேனுங்க" என்றேன்.

சொன்னேனே தவிர, போக மனமில்லை. ஐந்து மாதமாக அந்த வீட்டுப் பக்கம் போகாமல் இருப்பதற்கு என்னென்னவோ சாக்கு வைத்திருந்தேன். மலைமேல் வேலை வந்தால் வேறு ஆளை அனுப்பினேன். செம்மேட்டுச் சந்தையில் ஒருநாள் தூரத்தில் குப்புசாமியின் சிவப்புத் துண்டைப் பார்த்துவிட்டு, வேண்டாத பலாப்பழத்துக்கு அரைமணி நேரம் விலை பேசிக்கொண்டு நின்றேன். எதற்கு இத்தனை பயம் என்று கேட்டால், அந்த வாசலின் கதையைச் சொல்ல வேண்டும்.

மலைமேல் குண்டூர் நாட்டில் இருக்கும் குப்புசாமியின் வீடு அவருடைய அப்பா கட்டியது. மண்சுவர், ஓட்டுக்கூரை, காற்றுக்கும் குளிருக்கும் பயந்து தாழத் தாழ வைத்த வாசல். நிலையின் உயரம் ஐந்தடிகூட இருக்காது. குப்புசாமியும் பாவாயியும் அளவான ஆட்கள், அவர்களுக்கு அது போதும். அவர்களுடைய ஒரே மகன் யுவராஜ் மட்டும் எந்த வம்சத்துக் கொடுப்பினையோ, பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் மூங்கில் மாதிரி வளர்ந்துவிட்டான். வளர்ந்த நாளிலிருந்து அவனுடைய நெற்றிக்கும் அந்த நிலைக்கும் தீராப் பகை. அவசரமாக ஓடி வந்தால் முட்டுவான், பேசிக்கொண்டே வந்தால் முட்டுவான், தூக்கக் கலக்கத்தில் முட்டுவான். முட்டிய ஒவ்வொரு முறையும் பாவாயி நிலையைத்தான் திட்டுவார். "எம்புள்ளைய அடிக்கறதுக்குன்னே நிக்குது பாரு" என்று கையால் அதை ஓர் அடி வைப்பார். கடைசியில் மேல்கட்டையில் சாக்கை மடித்து வைத்துக் கயிற்றால் கட்டிவிட்டார். ஒரு வீட்டு வாசல் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு நிற்பதை அங்கேதான் பார்த்தேன்.

ஊரில் பாதிப் பையன்களைப் போல அவனும் போர்வண்டியில் வேலைக்குப் போனான். ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று வருஷத்தில் பத்து மாதம் ஆழ்துளைக் கிணறு போடுகிற வேலை. முதல் தடவை லீவில் வந்தபோது அப்பாவைக் கூட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான். பட்டறை ஷட்டர் பத்தடி உயரம், லாரியே நுழையும். அதற்குக் கீழேயும் குனிந்துதான் வந்தான். "ஏனப்பா, மேல வானம் இடிக்குதா?" என்றேன். அவனே சிரித்துவிட்டான். "பழகிப்போச்சுங்க ஆசாரியாரே. பஸ்ஸு, கடை, கோயிலு எல்லாத்துலயும் தானா குனியுது." வீட்டு வாசலில் இருந்த பலாமரத்தை அறுத்துப் புது நிலை செய்வது என்று பேசி முடித்தோம். அவனைச் சுவரோரம் நிற்க வைத்து, உச்சந்தலைக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். ஆறடி ஓரங்குலம். கல்யாணத்தன்று தலைப்பாகை கட்டினாலும் தட்டக்கூடாது என்று மேலே இன்னும் நாலைந்து அங்குலம் சேர்த்துக்கொண்டேன். அந்தக் கோடு இன்றைக்கும் பட்டறைச் சுவரில் இருக்கிறது.

நிலை ஒரு மாதத்தில் தயாராகிவிட்டது. ஆனால் வைக்க முடியவில்லை. அவர்கள் ஊரில் நிலையில் கை வைப்பதென்றால் மாரியம்மன் கோயிலில் பூக் கேட்க வேண்டும். சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் அடுத்த வருஷம்தான் மறுபடி கேட்கலாம். முதல் வருஷம் சிவப்பு. இரண்டாம் வருஷமும் சிவப்பு. இரண்டு வருஷமும் அந்த நிலை என் பட்டறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. குறுக்கே வரும்போதெல்லாம் முழங்காலில் இடித்துக்கொண்டேன்.

மூன்றாம் வருஷம் யுவராஜுக்குப் பெண் பார்த்தார்கள். பொங்கலுக்கு அவன் வருகிறபோது பெண்வீட்டார் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. பெண்ணின் அப்பாவும் உயரமான மனுஷன் என்று பாவாயிக்குக் கவலை. சம்பந்தி வந்ததும் வராததுமாக மண்டையில் வாங்கிக்கொண்டால் நன்றாகவா இருக்கும்? குப்புசாமி கீழே வந்து என்னிடம் புலம்பினார். இந்தத் தடவையும் சிவப்பு வந்தால் என்ன செய்வது என்று அவருக்குப் பயம். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "பூ கேக்கவே வேண்டாமுங்க. கோயிலுக்குப் போய்ட்டு வந்து வெள்ளை வந்துச்சுன்னு சொல்லிப் போடுங்க. அம்மனா வந்து சாட்சி சொல்லப் போகுது?" விளையாட்டாகத்தான் சொன்னேன் என்று பின்னால் எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். விளையாட்டு இல்லை. எனக்கு என் பட்டறையில் இடம் வேண்டியிருந்தது.

குப்புசாமி வீட்டில் அப்படியே சொல்லிவிட, கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை நிலை வைத்தோம். முன்பக்கத்து ஓட்டைப் பிரித்துக் கூரையை ஒன்றரை அடி தூக்கினோம். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க அரையடி உயரத்தில் கனமான வாசற்படி, அதில் வரிசையாக ஐந்து பித்தளைப் பூ. கீழே கருங்கல்லில் மூன்று படிகள். வாசற்படிக்கு அடியில் நவதானியத்தோடு போடுவதற்குப் பாவாயி தன் காதுத் தோட்டின் தங்கத் திருகு ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து முடித்ததும் குப்புசாமி வீடியோ போன் போட்டு மகனுக்குக் காட்டினார். எங்கோ ஒரு பொட்டல் காட்டில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு யுவராஜ் சிரித்தான். "அம்மா, இனி எங்க போய் முட்டிக்கறது?" பாவாயி போனை வாங்கிக்கொண்டு, "இனிமேலுக்கு நிமிந்து வா கண்ணு. எஞ்சாமி, நிமிந்து வா" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார். நல்ல அழுகை.

பதினோராம் நாள் போர்வண்டியின் கம்பத்தில் சிக்கிய கயிற்றை எடுக்க ஏறியவன், இருபதடி மேலே இருந்து விழுந்தான். முதுகெலும்பு. அங்கே ஓர் ஆஸ்பத்திரி, பிறகு சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரி. இரண்டு மாதம் கழித்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வீட்டுக்கு வந்தான். பெண்வீட்டார் ஒரு தடவை பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். அதோடு சரி. அவன் வந்த வாரத்தில் பூசாரி ஆறுதல் சொல்லப் போன இடத்தில், இந்த வருஷம் குப்புசாமி பூக் கேட்கவே வரவில்லையே என்று வெகுளியாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பாவாயி புருஷனோடு பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். யோசனை சொன்னது நான்தான் என்று குப்புசாமி வாயைத் திறக்கவில்லை என்பதும் தெரிந்தது. அது தெரிந்த பிறகு எந்த முகத்தோடு போவேன்?

பஸ்ஸை விட்டு இறங்கி, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நடந்து போனேன். மழை விட்டு மூட்டம் இறங்கியிருந்தது. தூரத்திலிருந்து பார்க்க வாசல் நன்றாகத்தான் இருந்தது. பலாக்கட்டை நல்ல மஞ்சளேறி, பித்தளைப் பூக்கள் துடைத்து வைத்தது போல மின்னின. நான் பெருமையாக வைத்த ஒவ்வொன்றும் இப்போது அந்தப் பையனுக்குக் குறுக்கே நின்றது. மூன்று படி, அதற்கு மேல் அரையடிக் கட்டை. வெளியே வர வேண்டுமென்றால் குப்புசாமியும் பக்கத்து வீட்டுச் சின்னமுத்துவும் ஆளுக்கொரு பக்கம் தூக்க வேண்டும். ஆரம்பத்தில் காலையும் மாலையும் தூக்கினார்கள். ஒருநாள் தூக்கும்போது அவன் வேட்டி விலகிவிட்டது. வழியில் போன பெண்கள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவன் வெளியே வரவில்லை. "நாளைக்கோட மூணு மாசம் ஆகுதுங்க" என்றார் குப்புசாமி. "வெயிலே படாம வெளுத்துப் போய்ட்டானுங்க. அவனா வந்து அவனா போறாப்பல பண்ணிக் குடுங்க. வேற ஒண்ணும் கேக்கலீங்க."

பாவாயி வாசலில் நின்றார். என்னைப் பார்த்து "வாங்க" என்றார், தண்ணீரும் கொடுத்தார். பிறகு மகனுக்குக் கேட்காத குரலில், "வாசப்படில கை வைக்கக்கூடாதுங்க" என்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பூவைக் காட்டினார். சிவப்பு அரளி. விடிந்ததும் தானே கோயிலுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். "ஒருக்கா கேக்காம வெச்சதுக்கே இப்படி. இப்பக் கேட்டு, வேண்டாம்னு சொன்னதுக்கப்பறம் எடுத்தா, மிச்சமிருக்கறதையும் கொண்டுபோயிரும்."

குப்புசாமி பூவைப் பார்த்தார். "அம்மனுக்கென்ன, அது கோயலுக்குள்ளயே குந்தியிருக்குது. அதுக்கு வெளிய வர வேண்டியதில்ல" என்றார். ஐந்து மாதத்தில் அவர்கள் பேசிக்கொண்டது இதுதானோ என்னவோ. இதுவும் நேராக இல்லை, ஒருவர் என்னைப் பார்த்து, ஒருவர் கல்லைப் பார்த்து.

எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "அம்மணி, அன்னைக்கு அந்த வெள்ளைப் பூவு நாஞ்சொன்ன யோசனைங்க. அவரு மேல தப்பில்ல" என்றேன். பாவாயி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியுமுங்க. அவருக்குத் தானாப் பொய் சொல்ல வராது. ஆராச்சும் சொல்லிக் குடுத்தாத்தான் உண்டு" என்று சொல்லிவிட்டு, பூவை மறுபடி முடிந்துகொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

படியைத் தொடாமல் பலகை போட்டுப் பார்ப்போம் என்றேன். அகலமான இரண்டு பலகைகளைச் சேர்த்து அடித்து, வாசற்படியின் மேல்விளிம்பிலிருந்து மூன்று கல்லையும் தாண்டிக் கீழே மண்ணில் ஊன்றினேன். உள்பக்கம் ஏறுவதற்கு இன்னொரு சின்னப் பலகை. செங்குத்தாகத்தான் இருந்தது, எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் மூன்று பேரும் அது போதும் என்று நம்ப ஆசைப்பட்டோம். நான் உள்ளே போய் யுவராஜைக் கூப்பிட்டேன்.

அவன் சன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தான். தோள் மட்டும் இன்னும் அகலமாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன். நிலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அவனும் என் கண் போன பக்கம் பார்த்தான். "உங்க அளவு சரிதாங்க ஆசாரியாரே" என்றான். "நாந்தான் கொறஞ்சு போய்ட்டேன்." ஆறுதலுக்குத்தான் சொன்னான். என்னைத் தேற்றுவதற்கு.

"யாரும் தள்ள வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து வேகம் கூட்டி வந்தான். சின்னப் பலகையில் முன்சக்கரம் ஏறியது. பெரிய சக்கரமும் ஏறியது. வாசற்படியின் முதுகுக்கு வந்ததும் நாற்காலியின் அடிக்கம்பி பித்தளைப் பூவில் மாட்டி நின்றது. முன்னால் பலகை கிணறு மாதிரி இறங்கியது, பின்னால் போனால் மல்லாக்க அடிக்கும். உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், ஒருவரும் உட்காரக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வாசற்படியின் மேல் அவன் உட்கார்ந்திருந்தான். குப்புசாமி பாய்ந்தார். "தொடாதீங்கப்பா!" என்று கத்தினான். அந்தச் சத்தத்தில் அடுத்த வீட்டு நாய் எழுந்து நின்றது. அவன் கை இரண்டும் சக்கரத்தை இறுகப் பிடித்திருந்தன. கண்ணீர் வரக்கூடாது என்று முகத்தை எங்கேயோ வைத்திருந்தான். மூன்று மாதம் கழித்து அவன் முகத்தில் வெளிச்சம் பட்டது, அந்த வெளிச்சத்தில் நாங்கள் பார்த்தது இதைத்தான்.

பிறகு மெதுவாகக் கேட்டான். "அம்மா, காலைல கோயலுக்குப் போனீங்களே. பூவு என்ன வந்துச்சு?"

பாவாயி நாற்காலி மாட்டியிருந்த பித்தளைப் பூவைப் பார்த்தார்.

"செகப்பு வந்திருந்தா உட்ருங்கம்மா. இன்னொருக்கா வேண்டாம். நா உள்ளயே இருந்துக்கறேன்."

பாவாயி முந்தானையின் முடிச்சைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வெள்ளை, கண்ணு" என்றார். "வெள்ளைதான் வந்துச்சு."

நான் குப்புசாமியைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. அவர் தொண்டையைச் செருமுகிற சத்தம் மட்டும் கேட்டது. பாவாயி வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். வரும்போது மரவள்ளிக்கிழங்கு தோண்டுகிற கடப்பாரை கையில் இருந்தது. மகனின் நாற்காலியை என்னையும் குப்புசாமியையும் பிடித்து உள்ளே இறக்கச் சொன்னார். இந்த முறை அவன் தடுக்கவில்லை. பிறகு வாசற்படிக்கு நேராக நின்று, கற்பூரமும் இல்லை, கும்பிடும் இல்லை, ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். நடுவில் இருந்த பித்தளைப் பூ தெறித்துக் கல்லில் உருண்டது. இரண்டாவது குத்துக்குக் கை ஓங்கியவரிடமிருந்து குப்புசாமி கடப்பாரையை மெல்ல வாங்கிக்கொண்டார். அவரும் கொடுத்துவிட்டார்.

ஆனால் கடப்பாரையால் ஆகிற வேலை இல்லை அது. நான் வைத்தது அப்படி. ரம்பத்தை எடுத்து இரண்டு முனையிலும் அறுத்தேன். மூன்று வருஷம் காய்ந்த பலா, இரும்பு மாதிரி நின்றது. அறுக்க அறுக்க மஞ்சள் தூள் கொட்டியது. நான் செய்த வேலைகளில் இதைவிடச் சுத்தமாக ஒன்றைச் செய்ததில்லை, இதைவிட வருத்தமாகவும் செய்ததில்லை. கட்டையைப் புரட்டியபோது அடியில் நவதானியம் முளைத்துக் கருகிக் கிடந்தது. அந்தத் தங்கத் திருகை எடுத்துத் துடைத்துப் பாவாயியிடம் நீட்டினேன். அவர் வாங்கி, சிவப்புப் பூ இருந்த அதே முடிச்சில் சேர்த்து முடிந்துகொண்டார். படி போனால் நிலையின் கால்கள் விரிந்துவிடும், அதனால் தரைக்குள் ஓர் இரும்புப் பட்டையைப் புதைத்து இரண்டு காலையும் பிடித்துக் கட்டினேன். வெளியே மூன்று கல்லையும் பெயர்த்து எடுத்து, குப்புசாமியும் சின்னமுத்துவும் நானுமாகக் கல்லும் மண்ணும் போட்டு இடித்து, அறுத்த பலாமரத்தின் அடிக்கட்டை வரைக்கும் நீளமாக ஒரு சரிவு இறக்கினோம். மேலே சிமெண்ட் பூசி, வழுக்காமல் இருக்க ஈரத்திலேயே விளக்குமாற்றால் கீறிவிட்டார் பாவாயி. அவரே கேட்டு வாங்கிச் செய்தார். மத்தியானம் எனக்கும் குப்புசாமிக்கும் ஒன்றாகச் சோறு போட்டார். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. குப்புசாமி தட்டை நீட்டினார்.

சிமெண்ட் இறுக மூன்று நாள் ஆகும். நான் ஊருக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கதவுக்கு அடியில் சந்து விழுந்துவிட்டது, பலகை சேர்க்க வேண்டும் என்று ஏதோ சொல்லிக்கொண்டு சின்னமுத்து வீட்டில் தங்கிவிட்டேன்.

நாலாம் நாள் காலை மூட்டம் விலகி வெயில் வந்தது. ஒருவரும் யுவராஜைக் கூப்பிடவில்லை. கூப்பிடக்கூடாது என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டது போல ஆளுக்கொரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டோம். குப்புசாமி காய்ந்துபோன மிளகையே மறுபடி கிளறிக்கொண்டிருந்தார். பாவாயி கூட்டிய வாசலையே திரும்பக் கூட்டினார். நான் பலா அடிக்கட்டையில் உட்கார்ந்து தீட்டிய உளியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே சக்கரம் நகர்கிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

நிலைக்கு உள்ளே இருட்டிலிருந்து முதலில் அவன் கால்கள் தெரிந்தன, செருப்புப் போட்டு, சேர்த்து வைத்திருந்தான். பிறகு சக்கரத்தின் மேல் கைகள். ஒருவரும் தொடவில்லை, ஒன்றும் தடுக்கவில்லை. அவனுடைய உச்சந்தலைக்கும் மேல்கட்டைக்கும் நடுவே இரண்டடிக்கு மேல் வெறும் வெயில்தான் இருந்தது.

வாசலைத் தாண்டுகிற இடத்தில் யுவராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.